பெட்ரோல் கேட்காத ரம்பம்

டம்ளரில் டீ ஆறி ஆடை கட்டிய பிறகுதான், காலையிலிருந்து ரம்பம் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

நிற்காமல் இருக்க முடியாது. மரத்தை வெட்டிச் சாய்ப்பது ஒரு வேலை. சாய்த்த மரத்தை நீளவாக்கில் பலகை பலகையாக அறுத்து எடுப்பது முற்றிலும் வேறு வேலை. மெஷின் ரம்பத்தை ஓர் இரும்புச் சட்டத்தில் பூட்டி, அடிமரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்தபடியே அங்குலம் அங்குலமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அத்தனை தூரமும் மெஷின் தொண்டை கிழியக் கத்தும். அந்தக் கத்தலுக்கு ஒரு டாங்க் பெட்ரோல் இரண்டு பலகைக்கு வந்தாலே பெரிய விஷயம். அதன் பிறகு நிறுத்தியே ஆக வேண்டும். பெட்ரோல் ஊற்ற வேண்டும், செயினுக்கு ஆயில் விட வேண்டும், மழுங்கிய பற்களை அரம் போட்டுத் தீட்ட வேண்டும். அந்த இடைவெளியில்தான் காட்டில் குருவிகள் இருப்பதே தெரியும். "உங்க செல்லப்பிள்ளை பால் குடிக்குதா?" என்று அவள் கீழே இருந்து கத்துவாள். "குடிச்சு முடிச்சதும் மறுபடி அழும் பாரு" என்று மேட்டிலிருந்து கணவன் பதில் கொடுப்பான்.

இன்று குருவிச் சத்தமே இல்லை. கொட்டகையில் உட்கார்ந்து, பச்சைப் பலகைகளின் முனைகளில் உருக்கிய மெழுகைத் தடவிக்கொண்டிருந்தாள். முனை முந்திக் காய்ந்துவிட்டால் பலகை வெடித்துவிடும். மெழுகு பூசி, இரண்டு பலகைக்கு நடுவே காற்றுப் போக ரீப்பர் என்ற மெல்லிய மரத் துண்டுகளை வைத்து அடுக்குவது அவள் பொறுப்பு. அதைவிடப் பெரிய பொறுப்பு காது. இந்தக் காட்டு நிலத்தில் அவர்கள் இருவரைத் தவிர ஆள் இல்லை. ரம்பம் திடீரென்று நின்று வெகுநேரம் சத்தம் வராவிட்டால் போட்டது போட்டபடி ஓடிவர வேண்டும் என்பது குடிவந்த நாளிலேயே இருவரும் பேசிவைத்துக்கொண்ட ஒப்பந்தம். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்று பேசி வைக்கவில்லை.

மெழுகுப் பிரஷ்ஷை வைத்துவிட்டு எழுந்து நின்று கேட்டாள். மேட்டுக்கு அப்பால், மரத்துக்குள் ஆழமாக இறங்கி உறுமும் அதே குரல். கொஞ்சம்கூட ஏறவில்லை, இறங்கவில்லை.

இரண்டு ரம்பம் இருந்தால் இப்படி வரும். ஒன்று நிற்கும்போது மற்றொன்று அறுத்தால். இரண்டு ரம்பம் என்றால் இரண்டு ஆள். அந்த இரண்டாவது ஆள் யார் என்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

கொழுந்தன். வேறு யார்?

போன மழைக்காலத்தில், விளையாட்டுப் புத்தியோடு மரத்தை வெட்டப்போய், தப்பான பக்கம் சாய்த்து, அண்ணனின் தோள்பட்டையை உடைத்தவன். கட்டுப் பிரித்த பிறகும் கணவனால் அந்தக் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே அவள் கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள். இனி எங்கள் நிலத்தில் கால் வைக்காதே என்று சொல்லிவிட்டாள். கணவன் அப்போது வாயைத் திறக்கவில்லை. இப்போது அவளுக்குத் தெரியாமல் தம்பியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு வேலை வாங்குகிறான். தம்பி என்றால் உருகிவிடுவான், அது தெரிந்ததுதானே.

சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால், பிறகு அதற்குச் சாட்சி தேட வேண்டியதே இல்லை. கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகிவிடும். தினமும் இரண்டு டப்பா சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறான், மேட்டில் பசி அதிகமாம். உடைந்த தோளை வைத்துக்கொண்டு, நன்றாக இருந்த காலத்தில் அறுத்ததைவிட அதிகமாகப் பலகை கொண்டுவந்து இறக்குகிறான். கொட்டகை நிரம்பி, வெளியே தார்ப்பாய்க்கு அடியிலும் அடுக்கியாகிவிட்டது. அவள் குனிந்து மேலே கிடந்த பலகையைத் தடவிப் பார்த்தாள். கணவன் அறுத்த பலகை அவளுக்குத் தெரியும்; தோள் வலிக்கிற இடத்தில் கை தளர்ந்து, நடுவில் ஒரு சின்ன அலை விழுந்திருக்கும். இதில் அலை இல்லை. தலையிலிருந்து கால்வரை ஒரே சீராக, மூச்சு வாங்காத யாரோ அறுத்தது போல இருந்தது.

மூக்கருகே வைத்து முகர்ந்தாள். புதிதாக அறுத்த மரத்துக்குப் புளிப்பும் இனிப்பும் கலந்து ஒரு வாசம் இருக்கும், கையில் ஒட்டினால் சோப்பு போட்டாலும் போகாது. இந்தப் பலகையில் எந்த வாசமும் இல்லை. எத்தனை நாளாக இவற்றுக்கு மெழுகு பூசுகிறேன், ஏன் கவனிக்கவில்லை என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அப்போதுதான் மேட்டுப் பாதையில் கணவன் இறங்கி வந்தான். நல்ல தோளில் ரம்பத்தைச் சாய்த்திருந்தான். காது மூடி கழுத்தில் தொங்கியது. ரம்பம் அணைந்திருந்தது.

அவனுக்குப் பின்னால், மேட்டுக்கு அப்பால், சத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

"பசிக்குது" என்றான். ரம்பத்தைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனான்.

அவள் தட்டு வைத்தாள். அவன் தலை குனிந்து சாப்பிட்டான். ஜன்னல் கண்ணாடி அந்தச் சத்தத்துக்கு இலேசாக அதிர்ந்தது. அடுப்பின் மேலிருந்த கெட்டில் மூடியும் அதோடு சேர்ந்து நடுங்கியது. அவன் அதையெல்லாம் கேட்காதவன் போல ரொட்டியைப் பிய்த்தான்.

"யாருங்க அது?"

"எது?"

"மேல அறுக்கறது."

ரொட்டி பாதி வழியில் நின்றது. "காத்து அப்படி அடிக்குது. எங்கேயோ அறுக்கறது இங்க அறுக்கற மாதிரி கேக்கும்."

"காத்தே இல்ல."

"அப்போ எதிரொலி."

"எதிரொலிக்குச் சத்தம் வேணாமா? உங்க மெஷின் வாசல்ல கிடக்கு. என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? காதுல பூ வெச்சவ மாதிரி இருக்கா?"

அவன் ரொட்டியை மறுபடி பிய்த்தான். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். பொய் சொல்லும்போது காது மடல் சிவந்துவிடும். சிவந்திருந்தது. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கட்டின பெண்டாட்டியிடம் மறைத்து, தோளை உடைத்தவனுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிறான். இன்றே இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தண்ணீர்த் தொட்டியின் படியில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். கொழுந்தன் உடனே எடுத்தான்.

"அண்ணி? என்ன அதிசயம்! மழைதான் வரப்போகுது."

"நீ இப்போ எங்க இருக்க?"

"பட்டறையில. வேற எங்க இருப்பேன்?"

"பொய் சொல்லாத."

"பொய்யா? இருங்க, நீங்களே கேளுங்க." போனில் இரும்பு கடையும் இரைச்சல் வந்தது. யாரோ ஒருவர், வேலை நேரத்தில் என்ன போன் என்று அதட்டினார். பிறகு மீண்டும் அவன் குரல். "நீங்க வராதன்னு சொன்னதுல இருந்து நான் அந்தப் பக்கம் தல வெச்சுக்கூடப் படுக்கல அண்ணி. அண்ணன்தான் என் போனை எடுக்கவே மாட்டேங்கறாரு. சத்தம் கேக்குதே, அறுக்கறாரா? தோள் பரவாயில்லையா?"

"உங்க அண்ணன் உள்ள சாப்பிட்டுட்டு இருக்காரு."

பட்டறை இரைச்சல் தேய்ந்தது; அவன் வெளியே வந்துவிட்டான் போல.

"அப்போ அங்க அறுக்கறது யாரு அண்ணி?"

அவள் போனை வைத்துவிட்டாள். தொட்டிப் படியிலிருந்து இறங்கினாள். இத்தனை நேரம் அவள் கோபத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கொழுந்தன் இல்லை என்று ஆனதும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

உள்ளே வந்து கணவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "உங்க தம்பிகிட்ட பேசினேன். பட்டறையில இருக்கான். வேலை நடக்குது, நானே கேட்டேன். ஒரு நாள்கூட இங்க வரலையாம்."

அவன் நிமிர்ந்தான். அந்த முகத்தை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. மாட்டிக்கொண்டவன் முகம் இல்லை அது.

"அவன் இல்லையா?" என்றான். குரல் உள்ளே போயிருந்தது. "நெஜமாவே அவன் இல்லையா?"

பிறகு எல்லாவற்றையும் கொட்டினான். தோள் தேறி மேட்டுக்குப் போன முதல் வாரம், ஒரு பலகைகூட முழுசாக அறுக்க முடியாமல் உட்கார்ந்து அழுதிருக்கிறான். மறுநாள் போனால், அறுக்கக் கிடந்த அடிமரத்துக்குப் பக்கத்தில் பலகைகள் அடுக்கி இருந்தன. ரீப்பர் வைத்து, ஒழுங்காக. அதற்கு அப்புறம் தினமும். மேட்டுக்கு அந்தப் பக்கம் ரம்பச் சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது, சத்தம் அடுத்த சரிவுக்குப் போயிருக்கும், பலகை மட்டும் இருக்கும். தம்பிதான், செய்த தப்புக்குப் பிராயச்சித்தமாகச் செய்கிறான், முகத்தைக் காட்டக் கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டான். அண்ணிக்குத் தெரிந்தால் திட்டுவாள் என்று இவனும் வாயை மூடிக்கொண்டான். போனை எடுத்தால் பேச்சு வளர்ந்து தம்பிக்குச் சங்கடம் என்று போனையும் எடுக்கவில்லை.

"சாப்பாடு வெச்சேன். டப்பா திரும்ப வரும்."

"காலியாவா?"

இல்லை என்று அவன் தலையை ஆட்டினான். "டப்பா நிறைய மரத்தூள். அமுக்கி, மட்டமா, விளிம்பு வரைக்கும். அவன் விளையாட்டுன்னு நெனச்சேன். அவன் அப்படித்தானே."

கழுவித் துடைத்த டப்பாவைத்தான் அவன் தினமும் அவளிடம் கொடுத்திருக்கிறான். அவள் மறுபடியும் சாப்பாடு வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

"எந்த மரத்தை அறுக்குது?" என்று கேட்டாள். 'அறுக்கறான்' என்று சொல்ல வாய் வரவில்லை. "அடிக்கட்டை பாத்தீங்களா? வெட்டின மரத்துக்கு அடிக்கட்டை இருக்கணும்ல?"

அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்தது.

"மரம் விழற சத்தம் ஒரு நாளாவது கேட்டியா நீ?" என்றான்.

கேட்கவில்லை. ஒரு மரம் விழுந்தால் அலமாரியில் பாத்திரம் குதிக்கும். நிலம் நெஞ்சு வரை அதிரும். இத்தனை நாளாக அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு மரம்கூட விழவில்லை. கெட்டில் மூடி நடுங்கிக்கொண்டே இருந்தது.

"கிளம்பிடலாம்" என்றாள். "இப்பவே. வண்டியில ஏறுங்க. துணி, பாத்திரம் எதுவும் வேணாம். எனக்கு நீங்க முழுசா வேணும், அவ்வளவுதான்."

"ரம்பம் பூட்டற சட்டம் மேல கிடக்கு."

"கிடந்துட்டுப் போகட்டும்."

"அது இல்லாம எங்க போய்ப் பொழைக்கறது? இந்தத் தோளை வெச்சுக்கிட்டு எவன் எனக்கு வேலை தருவான்?" அவன் எழுந்துவிட்டான். "மேட்டுக்கு இந்தப் பக்கம்தான் வெச்சிருக்கேன். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். நீ வண்டியைத் திருப்பி நிறுத்து. நீ திருப்பி முடிக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

அவள் அவன் கையைப் பிடித்தாள். அவன் அவள் கையை மெதுவாக விலக்கி, ஒரு தடவை தட்டிக்கொடுத்துவிட்டு, போய்விட்டான். கோபித்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

வண்டியைத் திருப்பினாள். சாய்ந்த வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது. எஞ்சினை ஓடவிட்டால் மேட்டுச் சத்தம் கேட்காது என்று அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தை வைத்தே கணவன் என்ன செய்கிறான் என்று சொல்லிவிடுவாள்: இப்போது காற்றில் சும்மா சுழல்கிறது, இப்போது மரத்தில் இறங்குகிறது, இப்போது கணுவில் மாட்டித் திணறுகிறது. அந்தப் பழக்கம் இப்போதும் விடவில்லை.

சத்தம் ஏறியது. காற்றில் சுழலும் சத்தம்.

அறுப்பதை நிறுத்திவிட்டது. ஆனால் அணையவில்லை.

காத்திருக்கிறது.

"என்னங்க!" என்று கத்தினாள்.

சத்தம் மறுபடி இறங்கியது. எதற்குள்ளோ இறங்கியது. மரத்தில் இறங்கும் சத்தம் அவளுக்குத் தெரியும். காய்ந்த மரம், பச்சை மரம், மழையில் ஊறிய மரம், எல்லாம் தெரியும். இது அதில் எதுவும் இல்லை. திணறவே இல்லை. இலகுவாகப் போனது. ஒரு பலகையின் நீளத்துக்கு அது நீடிக்கவும் இல்லை.

சட்டென்று முடிந்தது.

பிறகு ரம்பம் நின்றது.

காலையிலிருந்து அவள் எதிர்பார்த்த நிசப்தம். குருவி கத்தவில்லை. இலை அசையவில்லை. கெட்டில் மூடிகூட அடங்கியிருக்கும். ரம்பம் நின்றுபோனால் ஓடிவர வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். உடம்பு முழுக்க வேண்டாம் வேண்டாம் என்றது. கால் மட்டும் ஓடியது.

மேட்டுப் பாதை. புதிய மரத்தூள், மெத்தென்று, கணுக்கால் வரை. அதற்கும் வாசம் இல்லை. அடிக்கட்டை ஒன்றுகூட இல்லை. இரண்டு பக்கமும் மரங்கள் நின்றன. பட்டையோடு, கிளையோடு, பச்சை இலையோடு, ஒன்றும் ஆகாதவை போல நின்றன. பாதியில் சட்டம் கிடந்தது. அவன் அதைத் தொட்டிருக்கவில்லை. அவள் அதைத் தாண்டிப் போனாள்.

மேட்டின் உச்சியில் ஏறி நின்றபோது சூரியன் எதிர்ச்சரிவுக்கு நேராக வந்திருந்தது. சிவந்து, தாழ்வாக, காட்டுக்குப் பின்னால்.

வெளிச்சம் மரங்களுக்கு நடுவே வந்தது.

மரங்களுக்குள்ளேயும் வந்தது.

முதலில் கண் கூசுகிறது என்று நினைத்தாள். கண்ணைக் கசக்கினாள். போகவில்லை. பக்கத்தில் இருந்த அடிமரத்தில், வேரிலிருந்து கிளை வரை, நூல் பிடித்தது போல நேராக ஒரு வெளிச்சக் கோடு. அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. அடுத்த மரத்திலும். அதற்கடுத்ததிலும். சரிவு முழுக்க, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, ஒவ்வொரு மரமும் நின்ற நிலையிலேயே பலகை பலகையாக அறுக்கப்பட்டு, விழாமல், இலை வாடாமல் நின்றது. எல்லாக் கோடுகளும் ஒரே திசையைப் பார்த்திருந்தன. அவள் வந்த திசையை. வீட்டை.

மூச்சு விட மறந்து நின்றாள்.

"இங்க இருக்கேன்."

சரிவின் நடுவே, மரங்களோடு மரமாக, கணவன் நின்றிருந்தான். சூரியன் அவன் தலைக்குப் பின்னால் இருந்தது. முகம் இருட்டாகத் தெரிந்தது. ஆனால் அவன் குரல்தான். அவன் சட்டைதான். சட்டையில் ரத்தம் இல்லை, கிழிசல் இல்லை. அவளுக்கு அழுகை பொங்கி வந்தது. ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளத்தான் அடி எடுத்து வைத்தாள்.

"பயந்துட்டியா?" என்றான். "ஒண்ணுமில்ல. இங்க யாரும் இல்ல. எனக்கு இப்போ தோள்கூட வலிக்கல."

சூரியன் இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

அவன் உச்சந்தலையில் ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றியது. அது கீழே ஓடியது. நெற்றி நடுவில். மூக்கு நடுவில். தாடை. தொண்டை. நெஞ்சு. இடுப்புக்கும் கீழே, கால் பிரியும் இடம் வரை ஒரே கோடு. நேராக. துளியும் அலை இல்லாமல். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண். இரண்டும் அவளையே பார்த்தன.

அவள் எடுத்து வைத்த கால் அங்கேயே நின்றது.

"வா" என்றான். "முழுசாத்தான் வந்திருக்கேன். வீட்டுக்குப் போலாம்."

இடது பாதி சிரித்தது. கொஞ்சம் தாமதமாக வலது பாதியும் சிரித்தது. பிறகு அவன் அவளை நோக்கி நடந்து வர ஆரம்பித்தான், ஒவ்வொரு பாதியாக.